வட்ஸ்அப் திறக்குது, விண்ணப்பம் திறக்கேல்லை

வன்னியில், மல்லாவியில் இருந்து வவுனிக்குளப் பக்கம் உள்ளே போகும் ஒரு கிரவல் ரோட்டில், வயலும் காடும் மாறி மாறி வரும் ஓர் ஊர். பேர் வேண்டாம். சின்ன ஊர், பேரைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி. அங்கே சனசமூக நிலையத்தில் சனிக்கிழமைகளில் நான் இருப்பேன். கொம்பியூட்டர் வகுப்பு என்று தொடங்கினோம். இருந்த இரண்டு கணினியில் ஒன்றின் வயரை எலி கடித்துவிட்டது. மற்றது கரண்ட் போனால் தானும் படுத்து, பிறகு எழும்ப அரை மணித்தியாலம் எடுக்கும். ஆகவே இப்போது நடப்பது பெரும்பாலும் போன் வைத்தியம்.

ஒரு சனிக்கிழமை தாயும் மகளும் வந்தார்கள். மகள் உயர்தரம் கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்தவள். பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில்தான் அதை நிரப்ப வேண்டும். முடிவுத் திகதிக்கு ஆறு நாள் இருந்தது.

“அண்ணா, அவையின்ர வெப்சைட் பழுதாப் போச்சுப் போல. மூண்டு நாளாத் திறக்குதில்லை.”

என் போனில் போட்டுப் பார்த்தேன். திறந்தது. அவளுடைய போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“டேட்டா இருக்கோ பிள்ளை?”

“ஓம் அண்ணா, முந்தநாள்தான் பக்கேஜ் போட்டனான். வட்ஸ்அப் வேலை செய்யுது, யூடியூப்பும் ஓடுது. இது ஒண்டுதான் திறக்கேல்லை.”

தாய் இடையில் புகுந்தார். “தம்பி, நான் ரெண்டு தரம் அம்பது அம்பது ரூபாய் ரீலோட் போட்டனான். அதுவும் எங்க போச்செண்டு தெரியேல்லை.”

அந்த நூறு ரூபாய் எங்கே போனது என்று தேடியதுதான் இந்த எழுத்து. தேடப் போனதில் அமெரிக்கா வரைக்கும் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டி வந்தது.

நூறு ரூபாய்

அவள் போட்டிருந்தது சமூக ஊடகப் பக்கேஜ். இலங்கையில் கைபேசி பாவிக்கிற எல்லாருக்கும் இது தெரியும். ஒரு தொகையைக் கட்டினால் வட்ஸ்அப், முகநூல், யூடியூப் போன்ற சில செயலிகளுக்கு மட்டும் டேட்டா தாராளம். எதற்கும் பாவிக்கக்கூடிய சாதாரண டேட்டா அதே காசுக்கு அந்த அளவு கிடைக்காது. அவர்கள் வீட்டில் போன் ஒன்று. அதில் தம்பியின் ரியூசன் வட்ஸ்அப் குழு, கனடாவில் இருக்கும் பெரியம்மாவின் வீடியோ அழைப்பு, இவளுடைய யூடியூப் பாடம். இந்த மூன்றுக்கும் அதைவிடத் தோதான பக்கேஜ் கிடையாது. கணக்குப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் வாங்கியிருப்பேன்.

சரி, இது வட்ஸ்அப், இது ஆணைக்குழுவின் பக்கம் என்று கம்பனிக்கு எப்படித் தெரியும்? ஒட்டிய கடித உறையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எழுதியிருப்பதைத் தபால்காரர் வாசிக்க முடியாது. ஆனால் மேலே முகவரி இருக்கிறது. இணையத்தில் போகிற ஒவ்வொரு பொதிக்கும் அப்படி ஒரு முகவரி உண்டு. தொடர்பு தொடங்கும்போது எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்ற பேரும் பெரும்பாலும் வெளியிலேயே தெரியும். வட்ஸ்அப்பின் முகவரிகள் இவை, யூடியூப்பின் முகவரிகள் இவை என்று கம்பனியிடம் பட்டியல் இருக்கும். பட்டியலில் உள்ள உறை பக்கேஜில் கழியும். மற்றதெல்லாம் வெளிக்கணக்கு.

விண்ணப்பத்துக்கான இணைப்பு அவளுக்கு வந்ததே வட்ஸ்அப் குழுவில்தான். பாடசாலை ஆசிரியர் போட்டிருந்தார். வட்ஸ்அப்பில் வந்தது வட்ஸ்அப்பில்தானே திறக்கும் என்று அவள் நினைத்ததில் பிழை சொல்ல முடியாது. ஆனால் இணைப்பைத் தொட்ட கணத்தில் அது வேறு உறை, வேறு முகவரி. வெளிக்கணக்கில் ஒரு சதமும் இல்லை. வட்டம் சுற்றியது.

பிறகு தாய் போட்ட ஐம்பது ரூபாய். போனில் எந்தச் செயலி எவ்வளவு டேட்டா தின்றது என்று பார்க்கும் பக்கம் ஒன்று இருக்கிறது. திறந்து பார்த்தேன். முதலாவதாக நின்றது செயலிக் கடை. வாரக்கணக்கில் அப்டேற் வராமல் வரிசையில் நின்ற செயலிகள் எல்லாம், வெளிக்கணக்கில் காசு விழுந்து கதவு திறந்த உடனே பாய்ந்துவிட்டன. பக்கேஜ் இல்லாத டேட்டாவுக்கு விலையும் கூட. விண்ணப்பப் பக்கத்தின் தலைப்பு மட்டும் வந்து நிற்க, ஐம்பது ரூபாய் முடிந்தது. இரண்டாவது ஐம்பதுக்கும் அதே கதி.

யாரும் பொய் சொல்லவில்லை என்பதையும் எழுதிவைக்க வேண்டும். பக்கேஜ் போட்டதும் வந்த குறுஞ்செய்தியில் எந்தெந்தச் செயலிக்கு என்று தெளிவாக இருந்தது. ஏமாற்று என்று சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு உறைத்தது வேறு. அந்த வீட்டில் “நெற்” என்ற சொல்லின் பொருள் மூன்று செயலியாகச் சுருங்கியிருந்தது. நாலாவது ஒன்று திறக்காதபோது பழுது தங்கள் பக்கேஜில் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அரசாங்கத்தின் இணையத்தளம் பழுது என்றுதான் தோன்றியது.

அன்று என் போனில் இருந்து ஹொட்ஸ்பொட் கொடுத்து விண்ணப்பத்தை நிரப்பினோம். எந்தப் பாடநெறி முதல், எந்தப் பல்கலைக்கழகம் அடுத்தது என்று வரிசைப்படுத்துவதிலேயே ஒன்றரை மணித்தியாலம் போனது. தாய்க்கு வவுனியா கிட்ட, மகளுக்கு யாழ்ப்பாணம். அந்தச் சண்டைக்கு டேட்டா காரணமில்லை.

அதே கேள்வி, வேறு ஊர்

வழியை வைத்திருப்பவன் அதில் போகிற பொருளைப் பார்த்து விலையோ வேகமோ மாற்றலாமா? இந்தக் கேள்விக்கு 2003இல் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் டிம் வூ வைத்த பேர்தான் நெட் நியூட்ராலிட்டி. தமிழில் இணையச் சமநிலை என்று எழுதுகிறோம்.

அமெரிக்காவில் இதில் முதலில் தண்டம் கட்டியது பெருநகரக் கம்பனி இல்லை. மடிசன் ரிவர் என்ற கிராமப்புறத் தொலைபேசிக் கம்பனி. அதன் வாடிக்கையாளர்கள் வொனேஜ் என்ற இணையவழி அழைப்புச் சேவைக்கு மாறத் தொடங்க, அந்த அழைப்புகள் போகும் வழியைக் கம்பனி அடைத்துவிட்டது. தன் தொலைபேசி வருமானத்தைக் காப்பாற்றத்தான். 2005இல் அந்நாட்டு ஒழுங்குபடுத்தல் அமைப்பான எஃப்.சி.சி தலையிட்டு, 15,000 டொலர் கட்டவைத்து வழியைத் திறக்கச் செய்தது. வேறு கம்பனி இல்லாத ஊரில்தான் இப்படி அடைக்கத் துணிவு வரும் என்று வாசிக்கும்போது தோன்றியது. மல்லாவிப் பக்கத்தில் இருந்து வாசிப்பவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

2007இல் நடந்தது எனக்கு இன்னும் பிடித்த கதை. ரொப் டொப்போல்ஸ்கி என்பவர் பழைய நால்வர் குழுப் பாட்டுகளில் பைத்தியம் உள்ளவர். அவற்றை, கணினிக்குக் கணினி கோப்புப் பரிமாறும் பிட்டொரென்ட் வழியாக மற்றவர்களோடு பகிரப் பார்த்தார்; பதிவேற்றம் நகரவே இல்லை. நோண்டிப் பார்த்ததில், இணைப்புத் தந்த கொம்காஸ்ட் நடுவில் நின்று, இரண்டு பக்கக் கணினிகளுக்கும் “மற்றவர் போனை வைத்துவிட்டார்” என்ற மாதிரிப் பொய்ச் செய்தி அனுப்பித் தொடர்பை அறுத்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் விவிலியத்தையே அனுப்பிப் பரிசோதித்தார்கள். அதுவும் அறுந்தது. 2008இல் எஃப்.சி.சி நிறுத்து என்றது. 2010இல் நீதிமன்றம், அப்படிச் சொல்ல உனக்கு அதிகாரம் இல்லை என்றது.

அதற்குப் பிறகு அமெரிக்காவில் நடந்தது கதவு திறந்து மூடும் விளையாட்டு. 2015இல் டொம் வீலர் எஃப்.சி.சி தலைவராக இருந்தபோது, இணைய இணைப்பைத் தொலைபேசி போன்ற பொதுச் சேவையாக வகைப்படுத்தி விதி வந்தது. 2017 டிசம்பரில் அடுத்த தலைவர் அஜித் பாய் காலத்தில் அதை நீக்கினார்கள். 2024 ஏப்ரலில் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2025 ஜனவரி 2ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அதை விழுத்தியது. இடையில் கலிபோர்னியா தனக்கென்று 2018இல் ஒரு சட்டம் போட்டுக்கொண்டது.

இந்த இழுபறியில் எங்கள் ஊருக்குத் தேவையானது ஒரே ஒரு வாதம். அஜித் பாய் பக்கத்தவர்கள் சொன்னது: விதி எதற்கு, போட்டி இருந்தால் போதும்; ஒரு கம்பனி வழியை மறித்தால் வாடிக்கையாளர் அடுத்த கம்பனிக்குப் போய்விடுவார். எதிர்ப்பக்கம் கேட்டது: அடுத்த கம்பனி எங்கே? அமெரிக்காவிலேயே எத்தனையோ வீடுகளுக்கு நல்ல வேகமுள்ள இணைப்புத் தருவது ஒரே ஒரு கம்பனிதானே?

இதை ஊரில் வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

மூன்று போன், மூன்று இடம்

அடுத்த சனிக்கிழமை மூன்று கம்பனிகளின் சிம்களையும் சேர்த்தேன். ஒன்று என்னுடையது. ஒன்று சந்தியில் கொமினிக்கேசன் கடை வைத்திருக்கும் அண்ணையின் மகனுடையது. மூன்றாவதை விடுமுறைக்கு வந்திருந்த பெடியன் ஒருவன் தந்தான். மூன்றையும் அந்தப் பிள்ளையின் வீடு, சனசமூக நிலையம், குளக்கட்டு என்று கொண்டுபோனோம். பின்னால் ஏழெட்டுச் சின்னப் பிள்ளைகள், ஏதோ சாமி ஊர்வலம் போல.

வீட்டில் ஒரே ஒரு கம்பனிக்குத்தான் சிக்னல். அதுவும் குசினிக்குள் இல்லை, மாமரத்தடியில். சனசமூக நிலையத்தில் முதல் கம்பனி நன்றாக எடுத்தது. இரண்டாவது ஒற்றைக் கோடு காட்டி, அழைப்பு எடுத்தால் விழுந்தது. குளக்கட்டில் ஏறினால் இரண்டும் நல்லாயிருந்தது. மூன்றாவது அங்கேயும் வந்து வந்து போனது.

காரணம் ஒன்றும் மர்மமில்லை. காடு சிக்னலைத் தின்னும். தாழ்ந்த அலைவரிசை தூரம் போகும், உயர்ந்தது போகாது. டவர் ஒன்றை நிறுத்தி, கரண்ட் இல்லாத நேரம் ஜெனரேற்றருக்கு டீசல் ஊற்றி, அதைச் சுற்றி இருக்கும் கொஞ்ச வீடுகள் போடும் ரீலோட்டில் செலவை எடுக்க முடியுமா என்று கம்பனி கணக்குப் பார்க்கும். ஒன்று துணிந்து போட்டால், இருக்கும் சின்னச் சந்தையைப் பங்குபோட இரண்டாவது வருவதற்கு யோசிக்கும். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் யோசிப்பேன். ஆனால் அந்த வீட்டாரிடம் போய் “பிடிக்காவிட்டால் கம்பனியை மாத்துங்கோ” என்று சொல்வது, பஸ் வராத ரோட்டில் நிற்பவரிடம் அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கோ என்று சொல்வது மாதிரி.

பழைய கதை ஒன்றும் இதில் இருக்கிறது. எயார்டெல் இலங்கைக்கு வந்தது 2009 ஜனவரி. அதோடு நாட்டில் கைபேசிக் கம்பனிகள் ஐந்து. கட்டணத்தைக் குறைக்கும் சண்டை அவ்வளவு சூடாகி, 2010இல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இதற்குக் கீழே இறங்கக்கூடாது என்று அடிவிலை வைக்க வேண்டி வந்தது. இலங்கையில் போட்டி உச்சத்தில் இருந்த காலம் அதுதான். அந்த 2009 ஜனவரி 2ஆம் திகதிதான் கிளிநொச்சி விழுந்தது. கொழும்பில் ஆர் மலிவு என்று சனம் சிம் மாற்றிய மாதத்தில், இந்த ஊர்ச் சனம் உழவு மெசினில் தறப்பாளையும் சட்டிபானையையும் ஏற்றிக்கொண்டு விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே போய்க்கொண்டிருந்தது. மீளக்குடியேறித் தறப்பாள் கொட்டிலில் இருக்கும்போதுதான் இங்கே டவர் எழும்பியது. அதற்குப் பிறகு கம்பனிகள் குறையத் தொடங்கின. 2018இல் எடிசலாட்டை ஹட்ச் எடுத்தது. 2024 யூனில் எயார்டெல்லின் இலங்கை வியாபாரம் டயலொக்கோடு இணைந்தது. ஐந்து மூன்றானது. வன்னிக்குப் போட்டி வந்து சேரும் முன்னமே பந்தி கலைந்துவிட்டது.

பைபரைப் பற்றிக் கேட்டார்கள். அது பட்டணங்களிலும் பெரிய ரோட்டோரங்களிலும்தான் ஓடுகிறது; உள்ரோட்டுக்குத் திரும்பவில்லை. செய்மதி இணையம் என்று ஸ்டார்லிங்குக்கு 2024 ஓகஸ்டில் உரிமம் கொடுத்து, 2025 யூலையில் சேவையும் தொடங்கியது. காட்டுக்குள்ளும் எடுக்கும், உண்மை. தொடங்கியபோது கருவிக்கே இலட்சத்துக்கு மேல், மாதக் கட்டணம் பத்தாயிரத்துக்கு மேல். சிறுபோகம் சரியாக விளையாத வருடத்தில் இதை ஒருவரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கும்.

மலிவு என்ற வாதம்

இதுவரை வாசித்தவர் நான் அந்தப் பக்கேஜைத் தடை செய்யச் சொல்கிறேன் என்று நினைக்கலாம். அவ்வளவு லேசில்லை.

இந்தியாவில் தடைதான் செய்தார்கள். 2015இல் எயார்டெல் சீரோ, முகநூலின் ஃப்ரீ பேசிக்ஸ் என்று வந்தபோது, சிலது இலவசம் சிலது காசு என்ற ஏற்பாட்டுக்கு எதிராகப் பத்து இலட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் அமைப்பான டிராய்க்குப் போனது. 2016 பெப்ரவரி 8ஆம் திகதி, உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டா விலையை மாற்றக்கூடாது என்று டிராய் விதித்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 இந்திய ரூபாய் தண்டம். சில நாளில் ஃப்ரீ பேசிக்ஸ் கடையைக் கட்டியது.

ஆனால் அதே வருடம் செப்ரெம்பரில் ஜியோ என்ற புதுக் கைபேசிக் கம்பனி வந்து டேட்டாவை அள்ளிக் கொட்டியது. எல்லாமே மலிவானபோது வட்ஸ்அப்புக்கு மட்டும் என்று ஒரு பக்கேஜ் ஆருக்கு வேண்டும்? ஆக, சனத்துக்கு முழு இணையத்தைக் கொடுத்தது விதியா, போட்டியா? போட்டிக்குத்தான் பெரிய பங்கு என்பேன். ஆனால் போட்டியில் தோற்றவர்கள் ஒவ்வொருவராகப் போன பின்னர், 2024 யூலையில் மிஞ்சியிருந்த பெரிய கம்பனிகள் சேர்ந்தாற்போல் விலையை ஏற்றின. அப்போதும் உள்ளடக்கம் பார்த்து விலை போடும் வழக்கம் திரும்ப வரவில்லை. அதைத் தடுத்தது விதி. விலை ஏறினாலும் இறங்கினாலும் எல்லா உறைக்கும் ஒரே முத்திரைக் கூலி. நான் விதியின் பக்கம் சாய்வதற்கு இதுதான் காரணம்.

இலங்கையில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. கட்டணங்களுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். 2022 செப்ரெம்பரில் கைபேசிக் கட்டணம் 20 சதவீதம் ஏறியதும் அப்படி அனுமதி பெற்றுத்தான். ஆகவே செயலிப் பக்கேஜ்கள் ஆருக்கும் தெரியாமல் சந்துக்குள் விற்கப்படுபவை இல்லை.

2020இல் கொரோனா காலத்தில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு, கல்வி வலையமைப்பான லேர்ன் வழியாக நடந்த ஸூம் வகுப்புகளுக்கும் பல்கலைக்கழகத் தளங்களுக்கும் டேட்டா வெட்டாமல் விட்டார்கள். நல்ல காரியம். இந்த ஊரில் அப்போது மூன்றாம் வருடத்தில் இருந்த பெடியன் ஒருவன் மாமரத்தடியில் இருந்தே அந்தத் தவணையைப் படித்தான். இதுவும் சிலதுக்கு மட்டும் இலவசம் என்ற ஏற்பாடுதானே என்று கேட்டால், ஓம், அதேதான். டிராயின் விதியிலும் பொது அவசர காலத்துக்கு விலக்கு இருக்கிறது. என் மனம் ஒப்புக்கொள்ளும் கோடு அங்கேதான் கிடக்கிறது. நாட்டுக்கு வந்த இடரில் படிப்பைத் திறந்துவிடுவது ஒன்று. உலகத்தில் ஏற்கெனவே பெரிய மெற்றா, கூகுள் என்ற இரண்டு கம்பனிகளின் செயலிகளை மட்டும் எப்போதும் மலிவாக வைத்திருப்பது இன்னொன்று.

இரண்டாவதால் ஆர் அடிபடுகிறார் என்பதற்கு ஊரிலேயே ஓர் ஆள் இருக்கிறான். கணினி டிப்ளோமா முடித்த பெடியன். காலபோக அறுவடை நேரம் இங்கே வெட்டு மெசினுக்கு, சனம் சுனாமி மெசின் என்று சொல்லும் அதுக்கு, பெரிய அடிபாடு. எந்த மெசின் எந்த வயலில் நிற்கிறது, எப்போது காலியாகும், ஏக்கருக்கு என்ன கேட்கிறார்கள் என்று ஒரு சின்ன இணையத்தளம் செய்தான். வடிவான வேலை, தமிழில், படம் இல்லாமல் இலகுவாகத் திறக்கும். வயல்காரர் தொட்டால் வட்டம் சுற்றியது. பக்கேஜில் அது இல்லை. இரண்டு கிழமையில் தளத்தை விட்டுவிட்டு வட்ஸ்அப் குழு தொடங்கினான். அதில் மெசின் விபரத்துக்கு மேலே காலை வணக்கப் பூக்களும், கீழே ஆரோ ஒருவருடைய பிறந்தநாள் கேக்கும். நேற்றுப் போட்ட விலையைத் தேட விரல் தேய வேண்டும். மெசின்காரர்கள் சொல்கிறார்கள், முந்தி மாதிரி போன் எடுத்துக் கேட்பதே லேசு என்று.

இன்னொரு நாளும் நினைவில் இருக்கிறது. 2022 ஏப்ரல் 3. போராட்டங்கள் சூடாக இருந்த நேரம், பாதுகாப்பு அமைச்சின் கோரிக்கையில் முகநூல், வட்ஸ்அப், யூடியூப் எல்லாவற்றையும் அரை நாளுக்கு மேல் நிறுத்திவைத்தார்கள். பட்டணத்தில் இருந்தவர்கள் வி.பி.என் என்ற, வேறு முகவரி வழியாகக் கொண்டுபோகும் செயலியைப் போட்டுச் சுற்றிப் போனார்கள். செயலிப் பக்கேஜ்காரருக்கு அந்த வழியும் இல்லை, வி.பி.என் போட்டால் உறையின் முகவரி மாறும், மாறினால் வெளிக்கணக்கு. கொழும்பில் சமூக ஊடகம் நின்றது. மாமரத்தடியில் இணையமே நின்றது.

நாங்களும் மறித்தோம்

பிள்ளையின் விண்ணப்பத்துக்குப் பிறகு சனசமூக நிலையக் கூட்டத்தில் கதைத்து, ஒரு 4ஜி ரவுட்டர் வாங்கினோம். கல்வனைஸ் பைப் ஒன்றைக் கூரைக்கு மேலே நிறுத்தி அன்ரெனாவைக் கட்டினோம். எதற்கும் பாவிக்கக்கூடிய சாதாரண டேட்டாப் பக்கேஜ். 2024 ஜனவரியில் இருந்து வற் வரியும் 18 சதவீதம் ஆகிவிட்டதால் பில் வரும்போது கொஞ்சம் கண்ணைக் கட்டும். உறுப்பினர் சந்தாவில் இருந்து கட்டுகிறோம்.

முதல் மாதம் பத்தாம் திகதியே டேட்டா முடிந்தது. ஆரோ பெடியள் இரவிரவாகப் படம் இறக்கியிருக்கிறார்கள். தலைவர் ஐயா கூட்டத்தில் எழும்பினார். “யூடியூப்பை அடைச்சு விடு தம்பி. விண்ணப்பம், பாடம், பெறுபேறு மட்டும் திறக்கட்டும்.”

ரவுட்டரில் அதைச் செய்ய ஐந்து நிமிசம் போதும். செய்தேன். இணையச் சமநிலையைப் பற்றி நாலு பேருக்குப் பிரசங்கம் வைக்கிற நானே கொம்காஸ்ட் ஆகிவிட்டேன்.

அடுத்த கிழமை வயதான அம்மா ஒருவர் பேத்தியோடு வந்தார். வற்றாப்பளை அம்மன் பொங்கலை யூடியூப்பில் நேரடியாகக் காட்டுகிறார்கள், கால் ஏலாது, இங்கே இருந்தாவது பார்க்கலாம் என்று வந்திருக்கிறார். திறக்கவில்லை. அதே நாள், உயர்தரம் படிக்கிற பெடியன் ஒருவன் தன் இரசாயனவியல் வகுப்பே யூடியூப்பில்தான் என்று முறைப்பட்டான். தையல் பழகுகிற பிள்ளைக்கும் அதுதான் வகுப்பறை. தலைவர் ஐயா தலையைச் சொறிந்தார். எது தேவை, எது வீண் என்று தீர்மானிக்கிற நாற்காலியில் இருந்து பார்த்தால்தான் அது எவ்வளவு சங்கடமான நாற்காலி என்று தெரிகிறது.

கடைசியில் பட்டியலைக் கிழித்தோம். ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று சம பங்கு. அதை வைத்து அம்மனைப் பார்க்கலாம், படம் பார்க்கலாம், விண்ணப்பம் நிரப்பலாம், ரவுட்டர் கேட்காது. பங்கு முடிந்தால் முடிந்ததுதான். பக்கேஜோடு சும்மா வருகிற நள்ளிரவு டேட்டாவை ஆர் பாவிப்பது என்று முதலில் சிரித்தோம். பிறகு பார்த்தால் யானைக் காவலுக்குப் பரணில் இருப்பவர்கள்தான் அதற்குச் சரியான ஆட்கள். ஆனால் பரண் வரை ரவுட்டர் எட்டாது. ஆகவே பன்னிரண்டு மணிக்குப் பிறகு கடந்தகால வினாத்தாள்களையும் பாட வீடியோக்களையும் தானாக இறக்கி, பழைய கணினியில் சேர்த்து வைக்கிறோம். எலி கடிக்காத அந்தக் கணினியில்தான்.

சண்டை முழுதாகத் தீரவில்லை. பங்கை விற்கலாமா என்று ஒருவர் கேட்கிறார். மாலையில் எல்லாரும் ஒரே நேரம் ஏறினால் வீடியோ அழைப்பு விக்குகிறது. அப்போது அழைப்புக்கு முதலிடம் கொடுக்கலாமா என்று இன்னொரு கதை. நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

இதற்கிடையில் இரண்டாவது கம்பனி சந்திக்குக் கிட்ட அன்ரெனா ஏற்றிவிட்டது. இப்போது சனசமூக நிலையத்திலும் ரோட்டோர வீடுகளிலும் இரண்டு கம்பனி நன்றாக எடுக்கிறது. போட்டி வேலை செய்ததா? செய்தது. முதல் கம்பனி ஒரு மாதத்துக்குள் விலை குறைந்த புதுப் பக்கேஜ் ஒன்றை விட்டது. இரண்டாவது அதைவிடக் கொஞ்சம் குறைத்தது. கொமினிக்கேசன் கடைச் சுவரில் இரண்டு அறிவித்தலும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கின்றன. இரண்டிலும் அதே பச்சை, நீல, சிவப்புச் செயலிப் படங்கள்.

அந்தப் பிள்ளை இப்போது யாழ்ப்பாணத்தில் இரண்டாம் வருடம். இந்த முறை விண்ணப்பிப்பது அவளுடைய தம்பி. போன கிழமை எனக்கு எடுத்தான்.

“அண்ணா, சனிக்கிழமை வாறன். எந்தச் சிம்மைப் போட்டுக்கொண்டு வரட்டும்?”